கடைசி நாளில் கீறப்படும் கண்ணாடி

புதுக் கடை கட்டியவர்கள் யாராவது என்னை அழைத்து, "நானா, வேலை எப்படி என்று ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்றால், நான் மாலை ஐந்து மணிக்குத்தான் போவேன். மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் முன்கண்ணாடியில் விழும்போது, காலையில் தெரியாதவை எல்லாம் தெரியும். தலைமுடி போன்ற மெல்லிய கீறல்கள், வட்ட வட்டமாகத் துடைத்த தடங்கள், மூலையில் சீமெந்து வழிந்த வெள்ளைக் கறை. கடைக்காரர் பெரும்பாலும் அதை அன்றுதான் முதன்முதலாகக் காண்பார்.

நானும் அப்படித்தான் கண்டேன். 1990 ஒக்டோபரில் இங்கிருந்து வெளியேற்றப்பட்ட எம்மவர்களில் பலரைப் போல, யுத்தம் முடிந்த பின்னர் திரும்பி வந்து, சுவர் மட்டும் மிஞ்சியிருந்த வாப்பாவின் கடையைக் கடன் எடுத்துக் கட்டினேன். முன்பக்கத்துக்கு மூன்று பெரிய டெம்பர்ட் கண்ணாடிகள் போட்டேன். திறப்பு விழாவுக்கு முதல்நாள், பெயின்ட் வேலைக்கு வந்த ஒரு தம்பியின் கையில் ரேசர் பிளேட்டையும் பழைய துணியையும் கொடுத்து, "கண்ணாடியைப் பளிச்சென்று ஆக்கு" என்றார் கொன்றாக்டர். தம்பி குறை வைக்கவில்லை. இரவு பத்து மணி வரை சுரண்டினான். மறுநாள் மாலை வெயிலில் மூன்று கண்ணாடிகளும் நூற்றுக்கணக்கான கோடுகளுடன் நின்றன.

கொன்றாக்டர் கண்ணாடி தரமில்லை என்றார். கண்ணாடிக்காரர் பிளேட் போட்டதால் வந்த வினை என்றார். எழுத்தில் எதுவும் இல்லாததால் நஷ்டம் என் தலையில் விழுந்தது. நாட்கூலிக்கு வந்த அந்தத் தம்பியிடம் கேட்பதில் நியாயம் இல்லை. ஒரு கடையின் மிக விலை கூடிய பொருள்களில் ஒன்றை, மிகக் குறைந்த கூலிக்காரரிடம், மிக அவசரமான நாளில், எந்த விளக்கமும் இல்லாமல் ஒப்படைத்தது நாங்கள்தான்.

பின்னர் விசாரித்துப் பார்த்தபோது இது உலகம் முழுவதும் உள்ள வழக்கு என்று தெரிந்தது. அமெரிக்காவில் கண்ணாடி உற்பத்தியாளர்களுக்கும் ஜன்னல் கழுவும் தொழிலாளர்களுக்கும் இடையில் இதே வாதம் பல வருடங்களாக நடந்தது. கண்ணாடியில் பிளேட் வைக்கவே கூடாது என்றனர் உற்பத்தியாளர்கள். நல்ல கண்ணாடியை நனைத்துப் புதுப் பிளேட் போட்டால் கீறாது, உங்கள் கண்ணாடியில்தான் குறை என்றனர் மற்றவர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. டெம்பர்ட் கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உருளைகளின் மேல் ஓடவிட்டு, காற்றால் திடீரெனக் குளிரவைக்கிறார்கள். அதற்கு முன் கண்ணாடித் தூளைச் சரியாகக் கழுவாவிட்டால், அந்தத் துகள்கள் மேற்பரப்பில் உருகி ஒட்டிக்கொள்ளும். பிளேட் போட்டதும் அவை பெயர்ந்து, பிளேட்டோடு இழுபட்டுக் கோடு போடும். டெம்பர்ட் அடியைத் தாங்குமே தவிர, கீறலைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அதைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவு கொடுத்துப் புதிதாகச் செய்விக்க வேண்டும்.

எனவே முதலில் எமது கண்ணாடி எந்த வகை என்று அறிந்துகொள்ள வேண்டும். மூலையில் அழியாத முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் டெம்பர்ட். அதில் பிளேட் வேண்டாம். சாதாரண கண்ணாடியில் பெயின்ட் துளி பிடித்திருந்தால், நன்றாக நனைத்து, புதுப் பிளேட்டை ஒரே திசையில் தள்ளலாம். பின்னோக்கி இழுக்கக் கூடாது. முகம் தெரிகிற ரிஃப்ளெக்டிவ் கண்ணாடியில் ஒரு பக்கம் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. பேனா நுனியை வைத்துப் பாருங்கள். நுனியும் அதன் பிம்பமும் முட்டிக்கொண்டால் அதுதான் பூச்சுப் பக்கம். அங்கே பிளேட்டும் வேண்டாம், தேய்க்கும் பவுடரும் வேண்டாம். ஃபிலிம் ஒட்டியிருந்தால் ஏறத்தாழ ஒரு மாதம் தண்ணீர் காட்டாமல் விடுங்கள். அதன் பிறகும் அமோனியா கலந்த திரவத்தைத் தவிர்ப்பது நல்லது. நகைக்கடை, புடவைக்கடை முகக்கண்ணாடிகளில் திரவத்தை நேரே அடிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். ஓரத்தால் உள்ளே இறங்கினால் ரசம் கறுத்துவிடும்.

எந்த வகையாக இருந்தாலும் பெரிய எதிரி மணல். மணலில் உள்ள படிகக்கல் கண்ணாடியை விடக் கடினமானது. சோளகக் காற்றில் வந்து படிந்த தூசியைக் காய்ந்த துணியால் துடைப்பது அரத்தாள் போடுவதற்குச் சமம். முதலில் மேலிருந்து கீழாகத் தாராளமாகத் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். பின்னர் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரும் மென்மையான துணியும். துணியை அடிக்கடி அலச வேண்டும். காய்ந்த சீமெந்துத் துளியின் மேல் ஈரத்துணியைச் சற்று நேரம் ஒட்டிவைத்து ஊறவிட்டு, மரச்சீவலாலோ பிளாஸ்டிக் துண்டாலோ மெதுவாக எடுக்கலாம். டைல் கழுவும் அசிட்டைக் கண்ணாடிப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம். அது அலுமினிய ஃபிரேமை அரித்துவிடும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய இன்னொரு தொல்லை எமது கிணற்றுத் தண்ணீர். சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும். கடைசி அலசலுக்கு ஒரு கான் ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி, காயுமுன் ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள். நின்றுவிட்ட புள்ளிக்கு வினாகிரி போதும். மாரி காலத்தில் புதுப் பூச்சுச் சுவரிலிருந்து வழியும் சுண்ணாம்புத் தண்ணீரையும் அன்றன்றே கழுவ வேண்டும். ஈரச் சீமெந்தின் காரம் கண்ணாடியையே அரிக்கும். அந்தக் கறையை எந்தத் துணியாலும் எடுக்க முடியாது.

ஆனால் முறை தெரிந்தால் மட்டும் போதாது என்பதே எனது அபிப்பிராயம். பொறுப்பு யாருடையது என்பதைக் கண்ணாடி வருமுன் எழுதிக்கொள்ள வேண்டும். பூச்சும் டைலும் முடிந்த பிறகே கண்ணாடி பூட்டப்படும். பூட்டிய அன்றே பொலித்தீனால் மூடப்படும். பூட்டும் நாளில் இரு தரப்பும் பார்த்து, இருக்கும் கீறல்களைக் குறித்துக் கையொப்பமிடும். இறுதிக் கழுவலுக்குத் தனிக்கூலியும் தனிநாளும் உண்டு. இந்த நான்கு வரிகள் போதும். வேறு நாடுகளில் கழுவ வருபவரே கீறல் பற்றிய பத்திரத்தில் கையொப்பம் வாங்கிய பிறகுதான் வாளியைத் தூக்குகிறார்.

தனிக்கூலி வீண்செலவு என்று நினைப்பவர்கள் 2022ஐ நினைத்துப் பாருங்கள். அவ்வருடம் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபா வரை போனது. இறக்குமதிப் பொருள்களின் விலையும் அதோடு ஏறியது. ஒரு கண்ணாடியை மாற்றுவதென்றால் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் லொறியில் உடையாமல் வரவும் வேண்டும்.

இதில் ஒரு தொழிலும் ஒளிந்திருக்கிறது. இரண்டு வைப்பர், நல்ல துணிகள், ஓர் ஏணி, கண்ணாடி வகை தெரிந்த அறிவு. வேலை தேடும் எமது இளைஞர்கள் இருவர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் நாங்கள் அந்த வேலைக்கு மரியாதையான கூலி கொடுக்கத் தயாராக இருந்தால்தான் அது நடக்கும்.

எனது கடையின் இரண்டு கண்ணாடிகளை மாற்றினேன். மூன்றாவதற்குக் காசு போதவில்லை. அது இன்றும் அங்கேயே நிற்கிறது. கடை கட்டப் போகிறவர்கள் யாராவது வந்தால், மாலை ஐந்து மணிக்கு அதன் முன்னால் நிறுத்திக் காட்டுகிறேன்.