மண் காத்தது, நாம் காத்தோமா?

பழம்பெருமை பேசுவதில் நமக்கு இணை நாமே. ஆனால் பழமையைக் காப்பதில் நாம் எப்படி? இதற்கு விடை கூற அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு ஒன்றே போதும்.

அங்கே கிடைத்த சில எலும்புகளை ஆராய்ந்து, யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர் இருவர் ஒரு டைனோசருக்குப் பெயர் சூட்டினர். 'புருகத்காயோசாரஸ்' என்பது அப்பெயர். பேருடல் கொண்ட பல்லி என்பது அதன் பொருள். அது வாழ்ந்தது ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன். இடுப்பு, தொடை, கீழ்க்கால், முன்கை, வால் ஆகியவற்றின் எலும்புகள் சிலவே கிடைத்தன. கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று குறித்துள்ளனர். நம் வகுப்பில் எவரும் அவ்வளவு உயரம் இல்லை!

முதலில் இதனை ஊன் உண்ணும் விலங்கு என்றே எழுதினர். நீண்ட கழுத்துடைய, தழை தின்னும் விலங்கு என்று பின்னர் திருத்தினர். அவை எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம் என்று ஐயுற்றவரும் உண்டு. நேரில் பார்த்து ஐயம் தீர்க்கலாமே என்கிறீர்களா? பார்ப்பதற்கு எலும்புகள் இல்லை! எளிதில் பொடிந்துபோகும் அவை சிதைந்து அழிந்துவிட்டன என்று 2017-இல் தெரிவிக்கப்பட்டது. பழைய வரைபடங்களும், 2022-இல் வெளியான சில புகைப்படங்களுமே எஞ்சியுள்ளன.

எவரையும் குறை கூற நாம் இதை எழுதவில்லை. தவறுவது மனித இயல்பு. ஆனால் தவற்றைத் திருத்தச் சான்று வேண்டும் அல்லவா? சான்றை இழந்தபின், "உலகிலேயே பெரியது எங்கள் மண்ணில்தான்" என்று மார்தட்டுவதில் என்ன பயன்?

"பசித்தவர் பலர் இருக்க, பழைய எலும்புக்குச் செலவா?" என்று சிலர் கேட்கலாம். பசி தீர்ப்பதே முதற்கடமை, மறுக்கவில்லை. எனினும் ஒரு வேலிக்கும் கூரைக்கும் ஆகும் செலவு பெரிதன்று. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940-இல் கண்டறியப்பட்ட கல்மரத்தைப் பாருங்கள். 18 மீட்டர் நீளமுள்ள அதனை வேலியிட்டுக் காத்தனர். அதனால் இன்றும் நாம் கண்ணாரக் காண்கிறோம்.

இறைவன் தம் படைப்புக்கு நம்மை உரிமையாளராக அன்று, காவலராகவே வைத்துள்ளார். தோழியரே, சுற்றுலா செல்லும் இடத்தில் விந்தையான கல்லோ சிப்பியோ கண்டால் பெயர்த்தெடுக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டு, ஆசிரியரிடம் சொல்வோம். மண் 7 கோடி ஆண்டுகள் காத்ததை, நாம் நம் வாழ்நாள் அளவேனும் காப்போம்!