முதலில் வெறும் சாக்லேட்

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையிலிருந்து ஆரோவில் அதிகத் தூரமில்லை. அங்கே 2014-இல் தொடங்கிய ‘மேசன் அண்ட் கோ’, கோகோ கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்கிற நிறுவனம். மிளகாய், கடல் உப்பு என்று சுவையூட்டிய வகைகள் மேல் எனக்குப் பகையில்லை. ருசி பார்க்க வருகிறவர்கள் நேரே அதில் கை வைப்பதுதான் பொறுக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக விளைகிறதே கோகோ, அதன் பழத்தை உடைத்தால் சாக்லேட் வாசமே வராது. விதையைச் சதையோடு ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு, காயவைத்து, வறுத்தால்தான் வரும். அந்தப் புளிப்பையும் கசப்பையும் அறியாமல் மிளகாயை மெச்சுவது, வடையைத் தொடாமல் சட்னியைப் புகழ்வது மாதிரி. வெறும் கறுப்பு சாக்லேட் ஒரு துண்டை முதலில் கடிக்காமல் நாக்கில் வையுங்கள். கோகோ வெண்ணெய் உருக 34 டிகிரி போதும், வாய்ச்சூடே உருக்கிவிடும். (மே மாதத்தில் இங்கே சட்டைப்பைச் சூடும் போதும்.)

இனிப்பு தின்ற வாய் காரம் கேட்கும். அதற்கு ஆட்டுக்கால் சூப்தான். பாக்கெட் பொடி வேண்டாம். தீயில் வாட்டிச் சுரண்டிய கால், தட்டிய சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மஞ்சள்தூள். குக்கரில் சிறுதீயில் முக்கால் மணி நேரமாவது வேகட்டும். குடித்தால் உதட்டோடு உதடு ஒட்ட வேண்டும். மிளகையும் சீரகத்தையும் இறக்கும்போதுதான் இடித்துப் போட வேண்டும், முன்பே போட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். சோளமாவு கரைத்துக் கெட்டியாக்குகிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.