3 முறை ஐரோப்பிய சாம்பியன் திவால்... நம் வலைப்பந்து லீக் மட்டும் எப்படி நிற்கிறது?

ஐரோப்பாவிலேயே சிறந்த பெண்கள் குழு என்று 3 ஆண்டு தொடர்ந்து கிண்ணம் வாங்கிய ஒரு குழு, பருவத்தின் நடுவில் காணாமல் போகுமா?

போனது. நார்வேயின் வைப்பர்ஸ் கிறிஸ்டியன்சான் என்ற ஹேண்ட்பால் குழு 2025 ஜனவரியில் திவாலானது. 2021, 2022, 2023 என்று வரிசையாக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வென்ற குழு அது. 2024 அக்டோபரிலேயே கையில் காசில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நேரத்தில் எப்படியோ பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். 3 மாதம்கூடத் தாங்கவில்லை. உலகத்தரம் வாய்ந்த வீராங்கனைகள் பருவத்தின் பாதியில் வேறு குழு தேட வேண்டியதாயிற்று.

சரி, ஹேண்ட்பால் நம் ஊரில் யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மில் பலருக்கு அதை எந்தத் தமிழ்ச் சொல்லால் அழைப்பது என்பதே குழப்பம். 'கைப்பந்து' என்றால் வாலிபால்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பக்கத்துக்கு 7 பேர், கையால் ஆடும் பந்து, பெண்களுக்கென்றே ஒரு லீக் என்றதும் சிங்கப்பூரில் உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். வலைப்பந்து. உங்கள் பள்ளியில் அது இணைப்பாட நடவடிக்கையாக இருந்திருக்கும். நீங்களோ உங்கள் அக்காவோ ஆடியும் இருக்கலாம்.

அந்த வலைப்பந்துக்கு இங்கே ஓர் உச்சநிலை லீக் இருக்கிறது. நெட்பால் சூப்பர் லீக். பிளேஸ் டால்ஃபின்ஸ், ஃபியர் ஓர்காஸ், மேஜிக் மார்லின்ஸ், மிஷன் மன்னாஸ், ஸ்னீக்கர்ஸ் ஸ்டிங்ரேஸ், ஸ்விஃப்ட்ஸ் அரோவானா என 6 குழுக்கள். பெயரைக் கேட்டால் மீன் கண்காட்சி மாதிரி இருக்கும். ஆட்டம் அப்படி இருக்காது.

தேக்காவிலிருந்து எவ்வளவு தூரம்?

லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறினால் 3வது நிறுத்தம் புரொமனாட். அங்கே வட்டப் பாதைக்கு மாறினால் 2வது நிறுத்தம் ஸ்டேடியம். இறங்கினால் காலாங். வலைப்பந்துச் சங்கத்தின் தளமும், பெரிய ஆட்டங்கள் நடக்கும் ஓசிபிசி அரங்கமும் அந்த வட்டாரத்தில்தான். சிராங்கூன் சாலையில் ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினாலும் முதல் கால்பகுதியைத் தவறவிட மாட்டீர்கள்.

ஆனாலும் போகிறவர்கள் குறைவு. வார இறுதி மாலையில் தேக்கா காப்பிக்கடைகளில் ஓடுவது இங்கிலிஷ் பிரிமியர் லீக். மான்செஸ்டர் குழுவின் காயம்பட்டோர் பட்டியல் வரை நமக்கு அத்துப்படி. பக்கத்து வட்டாரத்தில் ஆடும் பெண்ணின் பெயர் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆனால் கதையில் இதற்கு ஒரு பங்கு உண்டு, ஏனென்றால் பணம் பார்வையாளர்களைப் பின்தொடர்ந்துதான் வருகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஐரோப்பாவைப் பார்ப்போம். சாம்பியன்ஸ் லீகில் 16 குழுக்கள். 2 பிரிவாக ஆடி, கடைசியில் 4 குழுக்கள் புடாபெஸ்டுக்குப் போகும். அங்குள்ள எம்விஎம் டோம் அரங்கில் சுமார் 20,000 பேர் உட்காரலாம். 2025 ஜூன் 1ஆம் தேதி அங்கே நடந்த இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் கியோர் குழு டென்மார்க்கின் ஒடென்சேயை 29-27 என்று வென்றது. கியோருக்கு அது 7வது பட்டம்.

அந்தக் குழுவின் முழுப் பெயரில் 'ஆவ்டி' என்ற சொல் இருக்கிறது. ஆமாம், கார் நிறுவனமேதான். கியோர் நகரில் அதற்குப் பெரிய இயந்திர ஆலை உண்டு. ஆலை இருக்கிறது, ஊருக்கு வேலை இருக்கிறது, குழுவுக்கும் காசு இருக்கிறது. கிறிஸ்டியன்சானில் அப்படி ஒரு முதுகெலும்பு இல்லை. அந்த நகரின் மக்கள்தொகையே 1 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நம் தெம்பனிஸில் பாதிகூட இல்லை. அந்த ஊர்க் குழு ஐரோப்பாவின் உச்சிக்குப் போனதே ஆச்சரியம். உச்சியில் நிற்க ஆகும் செலவு, ஊரின் வருமானத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

இது முதல் முறையும் இல்லை. வட மாசிடோனியாவின் வார்தார் பெண்கள் குழு 2017லும் 2018லும் இறுதிவரை வந்து, இரண்டு முறையும் கியோரிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. குழுவுக்குப் படியளந்த ஒரே பணக்காரர் 2018ல் கையை எடுத்தார். அதோடு அந்தக் குழுவின் கதை முடிந்தது.

இப்போது காலாங்குக்கு வாங்க. நம் லீகில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் மாணவிகள், அல்லது பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். ஆட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. சம்பளச் செலவு இல்லாத குழுவுக்குத் திவாலாகும் ஆபத்தும் குறைவு. லீக் நிற்பதன் ரகசியம் பாதி இதுதான். கசப்பாகச் சொன்னால், இங்கே பற்றாக்குறையை நிரப்புவது குழு அல்ல. ஆட்டக்காரரின் தூக்கமும், விடுப்பு நாள்களும், சில நேரம் அவருடைய பதவி உயர்வும்தான்.

மறு பாதி, விளம்பர ஆதரவு. 2022 பருவத்தில் நெட்பால் சூப்பர் லீகின் பெயருக்கு முன்னால் டெலாய்ட் நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதே ஆண்டு மீண்டும் தொடங்கிய பெண்கள் காற்பந்து பிரிமியர் லீகின் முன்னாலும் அதே பெயர்தான். ஒரு நிறுவனம் 2 பெண்கள் லீகுகளுக்குத் தோள் கொடுப்பது நல்ல விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் வார்தாரின் கதையை இப்போதுதானே படித்தோம்? தோள் ஒன்றாக இருந்தால், அது நகரும்போது என்ன ஆகும் என்ற கேள்வி கூடவே வரும்.

19, 10, 3

இந்த 3 எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிய வலைப்பந்து வெற்றியாளர் போட்டியின் கடைசி 3 இறுதியாட்டங்களில் சிங்கப்பூர் தோற்ற வித்தியாசம் அது. மூன்றிலும் எதிரணி இலங்கை.

2018ல் நம் சொந்த மண்ணில் 69-50. 2022ல் மறுபடியும் இங்கேதான், 63-53. அன்றைக்கு செப்டம்பர் 11. அதே நாளில் துபாயில் இலங்கை ஆண்கள் கிரிக்கெட்டில் ஆசியக் கிண்ணத்தையும் வென்றார்கள். எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற ஆண்டு அது, அந்த மக்களுக்கு ஒரே நாளில் 2 கிண்ணம். 2024 அக்டோபரில் பெங்களூரில் 67-64. வெறும் 3 கோல்.

இடைவெளி சுருங்குகிறது என்று மகிழலாம். மகிழ வேண்டியதுதான். ஆனால் சிங்கப்பூர் கடைசியாக ஆசியப் பட்டம் வென்றது 2014ல். அதற்கு முன் 2005, 2012. இலங்கையிடம் 7 பட்டங்கள். நம்மைவிட வசதி குறைந்த நாடு, நம்மை வென்றுகொண்டே இருக்கிறது. எப்படி?

இதற்கு உயரம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தின் புன்னாலைக்கட்டுவனிலிருந்து வந்தவர், உயரம் 208 சென்டிமீட்டர். வலைப்பந்தில் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும், கூடைப்பந்து மாதிரி பின்னால் பலகை கிடையாது. பந்தைக் கையில் 3 விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. அந்த உயரத்தில் ஒருவர் வளையத்தின் கீழ் நின்றால் தடுப்பாளர் பாவம், என்ன செய்வார்? 2011ல் உலக வெற்றியாளர் போட்டி சிங்கப்பூரில் நடந்தபோது நம்மவர்கள் அவரை நேரில் பார்த்து அசந்தார்கள். 2019 உலகக் கிண்ணத்தில், 40 வயதை ஒட்டிய பருவத்தில், 348 கோல் போட்டு அதிக கோல் போட்டவரானார்.

ஆனால் உயரம் மட்டும் ஒருவரை 40 வயது வரை ஆட வைக்காது. இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. இலங்கையில் வலைப்பந்து வீராங்கனைகளை வங்கிகளும், ராணுவம், விமானப்படை, கடற்படை, காவல்துறை போன்றவையும் வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. நிறுவனங்களுக்கிடையே தனிப் போட்டிகளே நடக்கின்றன. ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் உண்டு. ஆட்டம் முடிந்த பிறகும் வேலை இருக்கும். ஐரோப்பா மாதிரி முழுத் தொழில்முறையும் இல்லை, நம்மைப் போல 'வேலைக்குப் பிறகு பார்த்துக்கொள்' என்பதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி.

அப்போ ஆஸ்திரேலியா?

வலைப்பந்து என்றதும் எல்லாரும் காட்டுவது ஆஸ்திரேலியாவைத்தான். 8 குழுக்கள், குழுவுக்கு 10 பேர், முழுத் தொழில்முறை லீக். அங்கேயும் எல்லாம் சுகமில்லை. 2023ல் காலிங்வுட் குழு நஷ்டம் தாங்காமல் வலைப்பந்தையே கைவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஒப்பந்தங்கள் காலாவதியாகி, வீராங்கனைகள் வாரக்கணக்கில் சம்பளமில்லாமல் இருந்தார்கள். டிசம்பரில்தான் உடன்பாடு வந்தது. உலகச் சாம்பியன் நாட்டின் கதையே இது.

அதனால் நம் லீகை ஒரே பாய்ச்சலில் தொழில்முறையாக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 6 குழுக்கள், சிறிய நாடு, அரங்கில் காலி இருக்கைகள். அந்தப் பாதை கிறிஸ்டியன்சானுக்குத்தான் போகும். இலங்கையின் வழி நமக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் இங்கே பஞ்சமா என்ன?

இன்னொரு சிக்கலும் உண்டு. வலைப்பந்து ஒலிம்பிக்கில் இல்லை, ஆசிய விளையாட்டுகளிலும் இல்லை. தென்கிழக்காசிய விளையாட்டுகளில் நடத்தும் நாடு விரும்பினால்தான் இடம். 2015ல் இங்கே இருந்தது, சிங்கப்பூர் தங்கம் வென்றது. 2017லும் 2019லும் இருந்தது. வியட்நாமும் கம்போடியாவும் நடத்தியபோது இல்லை. பதக்கம் எண்ணி நிதி தரும் முறையில், பதக்கமே இல்லாத ஆண்டு வந்தால் அந்த விளையாட்டு என்ன சொல்லிப் பணம் கேட்கும்? ஹேண்ட்பாலுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1976லிருந்து பெண்கள் ஹேண்ட்பால் ஒலிம்பிக்கில் இருக்கிறது.

உங்களுக்கு இதில் என்ன?

நீங்கள் 17 வயதுப் பெண், பள்ளிக் குழுவில் தடுப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு முடிந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியோ தொடக்கக் கல்லூரியோ போகிறீர்கள். வீட்டில் அம்மா கேட்பார், "இன்னும் எதுக்கும்மா பந்து?" அந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்காது, ஏனென்றால் பதில் தர வேண்டியது நீங்கள் மட்டும் அல்ல. பயிற்சி நேரத்தை விட்டுக்கொடுக்கும் முதலாளி, போட்டிப் பயணத்துக்கு விடுப்பு தரும் பள்ளி எல்லாரும் சேர்ந்து தர வேண்டியது. ஆட்டத்தை நிறுத்துபவர்களில் பலர் திறமை குறைந்து நிறுத்துவதில்லை. கணக்கு ஒத்துவராமல்தான் நிறுத்துகிறார்கள்.

தொடர்ந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பிரமிளா ஹிருபாலன் தேசிய அணிக்காக ஆடினார். இப்போதைய தலைமுறையில் கோல் போடும் இடத்தில் அமன்தீப் கோர் சாஹலைப் பார்க்கலாம்.

அடுத்த பருவம் தொடங்கும்போது 2 விஷயத்தைக் கவனியுங்கள். லீகின் பெயருக்கு முன்னால் யார் பெயர் இருக்கிறது என்பது ஒன்று. பெங்களூரில் 64 கோல் போட்ட குழுவில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டையும் காலாங் அரங்கில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம். புரொமனாடில் மாற மறந்துடாதீங்க.