புள்ளிகளா, கதையா?

2016இல் போக்கிமான் கோ என்னும் கைப்பேசி விளையாட்டு வெளிவந்தபோது, அறையை விட்டு நகராத இளைஞர்களும் வீதிகளில் நடக்கத் தொடங்கினர். உடற்பயிற்சிக்கு எளிய வழி பிறந்துவிட்டதென்று பலரும் மகிழ்ந்தனர். அதே ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு அம்மகிழ்ச்சியின் ஆயுளை அளந்து காட்டியது. அமெரிக்காவில் இதை விளையாடியோரின் நடை முதல் வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடியது. ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது.

வங்கித்துறையினராகிய நமக்கு இது வியப்பளிக்கவில்லை. கடன் அட்டையின் வெகுமதிப் புள்ளிகளுக்காகவே வேண்டாத பொருளை வாங்குவோரை நாம் அறிவோம். நாற்காலியில் அமர்ந்தபடியே கையை ஆட்டி, கைக்கடிகாரத்தின் நடைக்கணக்கை நிறைவுசெய்யும் உறவினர்களையும் அறிவோம். புள்ளிக்காகச் செய்யப்படும் செயல், புள்ளியில் சலிப்பு வந்ததும் நின்றுவிடுகிறது. ஏன் செய்கிறோம் என்பதை உணர்த்த, புள்ளியால் இயலாது. கதையால் இயலும் என்பதே நம் கருத்து.

2006இல் கலிபோர்னியாவின் ஹோப்லேப் என்னும் தொண்டு நிறுவனம், புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் இளையோருக்காக ரீ-மிஷன் என்ற விளையாட்டை வெளியிட்டது. ராக்ஸி என்னும் நுண்ணிய இயந்திரப் பெண் நோயாளியின் உடலுக்குள் புகுந்து புற்றுச் செல்களைச் சுட்டு வீழ்த்துகிறாள். கதையில் வரும் நோயாளி மருந்து வேளையைத் தவறவிட்டால் ராக்ஸியின் ஆயுதம் பழுதுபடுகிறது. தப்பிய செல்கள் மருந்தை எதிர்க்கும் வலிமை பெறுகின்றன. ஒரு மாத்திரையை விடுவதால் என்ன ஆகும் என்பதை மருத்துவர் நூறு முறை சொல்லியிருப்பார். இங்கோ நோயாளி அதைக் கண்ணாலேயே காண்கிறார். 34 மருத்துவ மையங்களில் 375 இளையோரிடம் நடந்து, 2008இல் வெளியான ஆய்வில், இதை விளையாடியோர் வேறொரு விளையாட்டை மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் தம் மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டது தெரியவந்தது.

கதையோடு கூடிய ஆட்டம் நமக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடிய குடும்பங்கள் எத்தனையோ! ஆயினும் பரமபதத்தில் ஏற்றமும் இறக்கமும் பகடையின் கையில். நோயாளிக்குத் தேவையானது தன் முடிவே கதையை நகர்த்தும் ஆட்டம்.

இதற்கு நம் நாட்டில் காசநோயைவிடப் பொருத்தமான களம் இல்லை. வழக்கமான காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை. சில வாரங்களிலேயே இருமல் தணிந்து, பசி திரும்புகிறது. நோய் போய்விட்டதென்று நம்பிப் பலர் மருந்தை நிறுத்துகின்றனர். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். ராக்ஸியின் கதையும் இதுவேயன்றோ? நிக்ஷய் போஷண் திட்டத்தில் சிகிச்சைக்காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கிற்கு நேராக வருகிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. கணக்கில் பணம் சேர்ந்ததை நம்மால் உறுதிசெய்ய முடியும். நலமாக உணரும் ஒருவர் நான்காம் மாதத்திலும் ஏன் மாத்திரையை விழுங்க வேண்டும் என்பதை அந்தப் பணம் சொல்வதில்லை.

விலையுயர்ந்த கருவியும் தேவையில்லை. 2005ஆம் ஆண்டு உலக எய்ட்ஸ் நாளன்று தில்லியின் இசட்எம்கியூ நிறுவனம், எச்.ஐ.வி. விழிப்புணர்வைக் கிரிக்கெட் ஆட்டமாக்கி அக்காலச் சிறு கைப்பேசிகளுக்கே அளித்தது. இன்று காசநோய்க்கு அத்தகைய ஆட்டத்தை அந்தந்த மாநில மொழியில், நல்ல கதையாசிரியரைக் கொண்டு அரசே உருவாக்க வேண்டும் என்கிறோம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்த ஆட்டம் பெயரையோ, ஆதார் எண்ணையோ, கைப்பேசி எண்ணையோ கேட்கலாகாது. பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான். காசநோய் என்ற சொல்லுக்கே அஞ்சித் திருமணப் பேச்சுகள் முறிவதும் உண்டு. யார் விளையாடினார் என்பது எவருக்கும் தெரியவேண்டியதில்லை.