போன பணம் திரும்பும் வழி

பொருள் தேடிப் பிரிந்து செல்லும் தலைவனைப் பற்றி நம் அகப்பாடல்கள் நிறையவே பேசியிருக்கின்றன. அவன் தேடிய பொருள் எந்த வழியாக வீடு வந்து சேர்ந்தது என்று அவை கவலைப்பட்டதில்லை. இலக்கியத்துக்கு அது தேவையுமில்லை. வாழ்க்கைக்குத் தேவைப்படுகிறது.

திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவர்கள் கூடும் இடங்களில் இப்போது நூல் விலைக்கு அடுத்தபடியாகத் துபாய் அடுக்ககங்கள் பேசப்படுகின்றன. 20 லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்கினால் பத்தாண்டு தங்கும் உரிமை கிடைக்கும். வாடகைக்கு அங்கே வருமான வரி இல்லை. பணத்தை எப்படி அனுப்புவது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று கேட்டால்தான் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். அந்தப் 'பிறகு' பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

தமிழர்கள் இதை ஒருமுறை பார்த்தவர்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவுக்குப் போனது நிலம் வாங்க அல்ல, கடன் கொடுக்க. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையிலிருந்தது சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு 6 பங்குதான். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்து சேர்ந்தது. 1937-38இல் அது 25 பங்காகிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த பணம் ஓடாத நிலமாக உறைந்ததே துயரத்தின் தொடக்கம். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. நிலத்தை இழந்து நின்ற பர்மிய உழவனின் பக்கத்தில் அதற்கான நியாயமும் இருந்தது. நகரத்தாரிடம் எஞ்சியவை பத்திரங்கள் மட்டுமே.

காலத்தில் திரும்பிய பணமோ இன்றும் கண்முன் நிற்கிறது. பர்மாத் தேக்கில் எழுந்த செட்டிநாட்டு வீடுகள் அதற்குச் சாட்சி. 1937 பிப்ரவரியில் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது சென்னை, காரைக்குடி, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. பணம் போகும் பாதையும் திரும்பும் பாதையும் ஒன்றாகவே போடப்பட வேண்டும் என்ற வணிகனின் அறிவு அதில் இருக்கிறது.

இன்று பாதை சட்டத்தில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2004இல் கொண்டுவந்த தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்படி, ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். இந்த வழி தனிமனிதருக்கே உரியது. கம்பெனியின் பெயரிலோ கூட்டு நிறுவனத்தின் பெயரிலோ அனுப்ப முடியாது. வீடு வாங்க அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், மிகுதிக்கு 20 சதவீதம் முன்வரியாகப் பிடிக்கப்படும். அதைப் பின்னர் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வீட்டையும் வாடகையையும் ஆண்டுதோறும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். விற்ற பணத்தை மறுமுதலீடு செய்யாவிட்டால் 180 நாட்களுக்குள் இங்கே கொண்டுவர வேண்டும்.

இந்தக் கதவும் எப்போதும் திறந்தே இருக்கும் என்பதில்லை. ரூபாய் சரிந்த 2013 ஆகஸ்டில் உச்சவரம்பு 75,000 டாலராகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டில் வீடு, நிலம் வாங்க அனுப்புவதும் தடுக்கப்பட்டது. மறு ஆண்டே தடை நீங்கியது என்றாலும், நடுவழியில் நின்றவர்களுக்கு அந்த ஓராண்டு சிறியதல்ல.

உண்டியல் என்ற சொல் ஒரு காலத்தில் வணிகரின் நாணயத்துக்குச் சாட்சியான ஓலை. இன்று அதே சொல் கணக்கில் வராத கைமாற்றைக் குறிக்கிறது. அந்த வழியில் போன பணம் வீடாகலாம். ஆனால் விற்றபின் தன் பெயர் சொல்லிக்கொண்டு ஊர் திரும்ப அதற்கு முகம் கிடையாது. மறைத்த வெளிநாட்டுச் சொத்துக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 சதவீத வரியும், அந்த வரியைப் போல் மூன்று மடங்கு தண்டமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் வீட்டின் மதிப்பையே மிஞ்சிவிடும்.

எனக்கு வியப்பளிப்பது ஒன்றுதான். சரக்கை அனுப்பிவிட்டு அதன் பணம் கடைசி டாலர் வரை வந்து சேர்ந்ததா என்று கப்பல் ரசீதும் வங்கிச் சான்றும் வைத்துச் சரிபார்க்கும் ஊர் இது. அதே மனிதர்கள் பணத்தையே அனுப்பும்போது அந்தப் பழக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

முதலை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது அந்த அச்சத்தின் நியாயம் எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் அந்த மாதங்களிலும் சனிக்கிழமை தோறும் சம்பளம் போட வேண்டியிருந்தது. துபாய்ச் சுவருக்குள் இருக்கும் பணத்தைத் தையற்காரருக்கு எண்ணிக் கொடுக்க முடியாது. 2008-09இல் துபாய் விலைகள் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்ததையும் சேர்த்தே எண்ணவேண்டும்: நமக்குப் பணம் தேவைப்படும் நாளில்தான் அங்கே வாங்க ஆள் இல்லாமல் போகும்.

வாங்குகிறவர்கள் வாங்கட்டும். தொழிலின் நடைமுறை மூலதனத்தைத் தொடாமல், மிச்சத்தைக் கொண்டு, வங்கி வழியாக, ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்தி வாங்கட்டும். திரும்பும் வழியை முதலில் எழுதிவைத்துவிட்டு அனுப்பும் பணம்தான் முதலீடு. மற்றதை வழியனுப்பு என்றே சொல்லவேண்டும்.