சிறுநீரக விற்பனையும் சம்மதமும்

விற்பவர் விரும்பியே விற்கிறார், வாங்குபவர் உயிர் பிழைக்கிறார், ஆகவே சிறுநீரக விற்பனையைத் தடுப்பது ஏழைக்குள்ள ஒரு வழியையும் அடைப்பதாகும் என்பது சந்தை ஆதரவாளர் வாதம்.

இவ்வாதம் இரு காரணங்களால் நிற்காது. முதலாவதாக, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வின்படி, 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றனர். ஆயினும் அவர்களுள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் ஆய்வின்போதும் கடனாளிகளாகவே இருந்தனர், விற்றவர்களின் சராசரிக் குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எந்த வழி திறந்தது?

இரண்டாவதாக, சம்மதம், அதாவது விளைவறிந்து தரும் ஒப்புதல், மறுக்கவும் இயலும்போதே பொருள்படும். வட்டிக்காரர் வாசலில் நிற்கையில் மறுக்க இடமேது? விளைவை அனுபவித்தறிந்த பின்னரோ, அதே ஆய்வில் 79 விழுக்காட்டினர் பிறருக்கு இதைப் பரிந்துரைக்க மறுத்தனர். மேலும், சிறுநீரகம் விலைபோகும் ஊரில் அதுவும் கடனுக்கு ஈடாகக் கணக்கிடப்படுவதால், விற்க விரும்பாதவரும் நெருக்கப்படுகிறார்.