பழி யார்மீது?

கீழ்வானம் வெளுக்குமுன்னே தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் தூக்குச் சட்டியைக் கையில் ஏந்திப் பால் சங்கத்தை நோக்கி நடக்கும் தாய்மாரை, அன்பர்களே, நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர் கொண்டுவரும் பாலிலே ஒரு கண்ணாடிக் குழல் மிதக்கவிடப்படும். உயர்ந்து நின்றால் மானம். தாழ்ந்து அமிழ்ந்தால் பழி! 'தண்ணீர் கலந்தாள்' என்ற சொல் ஊரைச் சுற்றிவர ஒரு நாழிகையும் ஆகாது.

அந்தப் பால்மானியின் தீர்ப்பு நீதியான தீர்ப்புதானா? கொழுப்பை எடுத்துவிட்டால் பால் கனக்கும். அதிலே அளவறிந்து தண்ணீர் ஊற்றினால் பழைய கனத்துக்கே திரும்பும். பால்மானியோ, 'நல்ல பால்' என்று நற்சான்று வழங்கும்! கறந்த சூடு ஆறாத பாலிலோ அளவு குறைத்துக் காட்டும். எத்தன் தப்புகிறான், ஏழை சிக்குகிறாள்! ஆகவேதான் கொழுப்பையும், கொழுப்பல்லாத திடப்பொருளையும் தனித்தனியே அளந்து விலை தரும் முறை வந்தது. பசும்பாலில் கொழுப்பு 3.2 விழுக்காடும், ஏனைய திடப்பொருள் 8.3 விழுக்காடும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம்.

அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. 1946-இல் குசராத்தின் கேடா மாவட்டத்து உழவர்கள், வாங்குபவனே தரத்தையும் விலையையும் தீர்மானிக்கும் நிலையை எதிர்த்துப் பால் தர மறுத்தார்கள். திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் அங்கே எழுந்த கூட்டுறவுதான் ஆனந்தின் அமுல். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி அம்முறையை நாடெங்கும் பரப்பியது. தமிழ்நாட்டின் இணையம் 1981-இல் பிறந்தது, அதுதான் ஆவின். நாகர்கோவிலிலும் அதன் மாவட்ட ஒன்றியம் இயங்குகிறது.

பட்டணத்தார் வாங்கும் பச்சை உறையிலே கொழுப்பு 4.5 என்று அச்சாகிறது. ஆரஞ்சு உறையிலே 6 என்று அச்சாகிறது. வாங்குபவருக்கு அளவைச் சொல்லும் அச்சு, ஊற்றுபவருக்கும் சொல்ல வேண்டாமா? உடனே அளந்து, கண்ணெதிரே காட்டி, சீட்டும் தரும் சங்கங்கள் உண்டு. அப்படித் தராத சங்கம் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது கூட்டுறவுக்கு இழுக்கன்றோ?

இனி, நாம் அஞ்ச வேண்டியது தண்ணீர் மட்டுந்தானா? உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கொழுப்பும் பிறவும் குறைந்தவை பல இருந்தன. ஆனால் உயிருக்கு ஊறு செய்யும் கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. அஃப்லாடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நஞ்சு வரம்பை மீறி இருந்தவையோ 368! அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு, 551 மாதிரிகளுக்கு 88.

இந்த நஞ்சைக் கலந்தவர் எவருமில்லை. ஈரத்திலே பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையும் சோளத்தையும் மாடு தின்கிறது. நஞ்சு மடிக்கு இறங்குகிறது. காய்ச்சினாலும் அழியாது, பால்மானியும் காட்டாது. தென்மேற்கும் வடகிழக்கும் மாறிமாறி நனைக்கும் மாவட்டம் நம்முடையது. கன்னிப்பூ அறுவடை மழையிலே சிக்கினால் வைக்கோலும் தப்பாது. வயல்கள் மனைகளாகிவரும் நாஞ்சில் நாட்டிலே வைக்கோல் சுருங்கச் சுருங்க, மூட்டைத் தீவனத்தையே நம்பி நிற்கிறாள் மாடு வளர்ப்பவள். அந்த மூட்டையைச் சோதித்தவர் யார்?

சோதனைக்கும் காலமுண்டு. 2023 ஜனவரியில் ஆரியங்காவுச் சாவடியில் தமிழ்நாட்டுப் பால் வண்டி ஒன்றைக் கேரளம் நிறுத்தியது. ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டென்றது பால்வளத் துறை. இல்லையென்றது உணவுப் பாதுகாப்புத் துறை. நேரம் செல்லச் செல்லச் சிதைந்துபோகும் பொருள் அது! சாவடியில் நின்று வழக்காடுவதைவிடக் கறந்த இடத்தில் காப்பதே அறிவுடைமை.

ஆகவே, வேண்டுவன மூன்று. ஊற்றுபவர் கண்ணெதிரே அளவும், கையிலே சீட்டும், தரத்துக்கேற்ற விலையும். பால் கெடுமுன் குளிரூட்டும் கலன் ஊருக்கு அருகிலேயே. தீவனம் தொழுவத்துக்கு வருமுன்னே அதற்குப் பூஞ்சை நஞ்சுச் சோதனை; அதன் முடிவு சங்கப் பலகையிலே.

தரம் கேட்பது நம் உரிமை. ஆனால் அந்தத் தரத்துக்குரிய கூலியையும் கருவியையும் தராமல், பழியை மட்டும் தூக்குச் சட்டி ஏந்தியவள் தலையில் ஏற்றுவது நீதியாகாது. நாளைக் காலை உறையைப் பிரிக்கும்போது, அன்பர்களே, அவளை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்!